தேடிக் காண்போன் கடன்

காடு இன்பம் தருவதா, துன்பம் தருவதா என்று ஒருவரைக் கேட்டால், அவர் அளிக்கும் விடை காட்டைப் பற்றியதாக இராது; காட்டுக்குள் அவர் எவ்வண்ணம் புகுந்தார் என்பதைப் பற்றியதாகவே இருக்கும். ஒரே ஒற்றையடிப் பாதை, ஒரே நிழல், ஒரே கொசுக்கடி. ஒருவன் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்குக்காக அதில் நடக்கிறான். மற்றொருத்தி முப்பது ஆண்டுகள், பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, இருட்டோடு இருட்டாகப் பால்வாளியைத் தூக்கிக்கொண்டு அதில் நடந்தாள். இவ்விருவர் நடையும் ஒன்றாகுமா? ஆகாது என்று யாவரும் உடனே சொல்லிவிடுவர். ஆனால் அவ்வேற்றுமை எங்கே இருக்கிறது, அதிலிருந்து நமக்கு என்ன கடமை பிறக்கிறது என்பதை நம்மவர் ஆராய்வதில்லை. அதனை ஆராய்வதற்கு இக்காலத்து விளையாட்டு ஒன்றே நமக்கு வாய்ப்பளிக்கிறது.

அதன் பெயர் ஜியோகேச்சிங். தமிழில் புதையல் தேடல் என்று சொல்லிவைப்போம். மண்ணைத் தோண்டிப் புதைப்பது அதில் விலக்கப்பட்டதாயினும் பெயர் பொருந்தும். ஒருவர் நீர் புகாத சிறு பெட்டியில் ஓர் ஏட்டையும் சில அற்பப் பொருள்களையும் இட்டு, வேர்களுக்கிடையிலோ கற்சந்திலோ மறைத்து வைக்கிறார். அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எல்லாரும் அறிய வெளியிடுகிறார். வானில் சுற்றும் துணைக்கோள்களின் குறிப்பைக்கொண்டு இடங்காட்டும் கருவியுடன் (இந்நாளில் கைப்பேசியே அதற்குப் போதும்) பிறர் அதனைத் தேடிச் செல்கின்றனர். கண்டவர் ஏட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்தபடியே வைத்துத் திரும்புகிறார். காவல் இல்லை, பூட்டு இல்லை, பார்ப்பாரும் இல்லை.

அமெரிக்க அரசு அத்துணைக்கோள்களின் குறிப்பில் வேண்டுமென்றே கலந்து வந்த பிழையை 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கிற்று. நூறு மீட்டர் வரையில் தடுமாறிய கருவி, அதுமுதல் பத்து இருபது மீட்டருக்குள் இடத்தைச் சுட்டலாயிற்று. மே 3ஆம் தேதியே ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியைக் காட்டோரத்தில் வைத்து அதன் எண்களை அறிவித்துவிட்டார். வாளிக்குள் இருந்த பொருள்களுள் ஒன்று, தகர டப்பாவில் அடைத்த அவரை! சில நாட்களுள் வாளி கண்டுபிடிக்கப்பட்டது. இன்று உலகெங்கும் இத்தகைய பெட்டிகள் பல இலட்சம் உள. ஆஸ்திரேலிய நகரங்களை அடுத்த புதர்க்காடுகளில் குடும்பம் குடும்பமாக மக்கள் இதற்கெனப் புறப்படுகின்றனர். மலேசியாவிலும் இவ்விளையாட்டு வேரூன்றியிருக்கிறது.

இனி நம் வடசிலாங்கூரை நோக்குவோம். கோலாலம்பூரிலிருந்து வருவோர் கோல சிலாங்கூரில் காண விரும்புவன எவை? மலாவத்திக் குன்றின்மீது 1907இல் எழுந்த கலங்கரை விளக்கம். குன்றின் அடியில் 1987இல் ஏற்பட்ட இயற்கைப் பூங்கா. இரவானால், கம்போங் குவாந்தான் ஆற்றங்கரையில் பெரம்பாங் மரங்களில் ஒருசேர மின்னும் மின்மினிகள். பார்க்கத் தக்கவையே. எனினும் அங்கே சேருமுன் அவர்கள் ஈஜோக்கைக் கடந்தனர். புக்கிட் ரோத்தானைக் கடந்தனர். சற்று ஒதுங்கியிருந்தால் பெஸ்தாரி ஜெயாவையும் கண்டிருப்பர். வண்டியின் கண்ணாடி வழியே அவர்கள் கண்டது செம்பனை, செம்பனை, மேலும் செம்பனை. அப்பசுமைக்கடியில் லயங்கள் நின்ற மேடுகளும், ஆயக்கொட்டகை இருந்த திடல்களும், பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடங்களின் அடித்தளங்களும் கிடக்கின்றன. இவற்றை எவரும் மறைத்து வைக்கவில்லை. அறிந்தவர்கள் அகன்றதனால் இவை மறைந்தன.

பெஸ்தாரி ஜெயா என்ற பெயரே அண்மைக்காலத்தது. 2007 வரையில் அவ்வூர் பத்தாங் பெர்ஜுந்தை. அதனருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டு ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டில் வாணிகத்துக்கெனச் செம்பனையை முதன்முதலில் பயிரிட்டார். அவர் எழுத்தாளருங்கூட. மலாயாவைக் களமாக வைத்து அவர் எழுதிய நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. தென்னைமரம் என்ற நம் சொல் அத்தோட்டத்தின் பெயரில் ஒலிப்பதைத் தமிழ் அறிந்த எவரும் உணரலாம். சொல் நின்றுவிட்டது; குழி வெட்டிக் கன்று நட்டவர்களின் பெயர்கள் நிற்கவில்லை. துரையின் பெயரைத் தாங்க நூல்கள் இருந்தன. கூலியின் பெயரைத் தாங்கியது செக்ரோல் ஒன்றே. மாதச் சம்பளம் போட்டு முடிந்ததும் அந்த ஏட்டின் வேலையும் முடிந்தது.

பெயர் மாறும்; எண் மாறாது. புதையல் தேடுவோர் கையாளும் எண்களின் சிறப்பு இதுவே. ஊருக்கு எத்தனை பெயர் சூட்டினாலும் அந்த அட்சரேகையும் தீர்க்கரேகையும் அங்கேயே இருக்கும். ஆனால் எண் நம்மை இடத்தின்மீது கொண்டுபோய் நிறுத்துமேயன்றி, அங்கே என்ன இருந்தது என்று வாய் திறந்து சொல்லாது. சொல்லக்கூடியவர்கள் மனிதர்களே. அம்மனிதர்களுள் பலர் இன்று ஷா ஆலமிலும் கிள்ளானிலும் ரவாங்கிலும் அடுக்குமாடி வீடுகளில், பேரப்பிள்ளைகள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கப் பக்கத்தில் சும்மா அமர்ந்திருக்கின்றனர்.

முதலில் எழுப்பிய கேள்விக்குத் திரும்புவோம். காட்டிலும் தோட்டத்திலும் தடம் தேடி ஓடும் விளையாட்டு நம் சிலாங்கூருக்குப் புதிதன்று. 1938ஆம் ஆண்டு கோலாலம்பூரில் கிஸ்பர்ட் என்ற கணக்கரும் அவருடைய தோழர்களுமாகச் சில வெள்ளையர் ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ் என்ற கூட்டத்தைத் தொடங்கினர். ஒருவர் முன்னே ஓடிக் காகிதத் துண்டுகளைத் தூவிச் செல்வார். ஏனையோர் வேட்டைநாய்களைப்போல் அத்தடத்தைப் பின்பற்றிக் கித்தாத் தோட்டங்களினூடே ஓடுவர். ஓட்டம் முடிந்ததும் பீர். இன்று உலகின் பற்பல நகரங்களில் ஆடப்படும் அவ்விளையாட்டு இம்மண்ணில் பிறந்தது என்பதை நம்மவருள் பலர் அறியார்.

மூன்றாண்டுகள் கழித்து, 1941இல், இதே சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டுமன்று. துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்பதும் அக்கோரிக்கைகளுள் ஒன்று. படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் சிலர் மாண்டனர். ஒரே மாநிலத்தில், ஒரே கித்தா மரங்களின் நிழலில், ஒருவன் ஓடுவது விளையாட்டு. மற்றொருவன் சைக்கிளின்மீது அமர்ந்திருப்பது குற்றம்! ஓடியவர்களை நான் குறைகூற வரவில்லை. மாலையில் வியர்வை சிந்த ஓடி நண்பர்களுடன் கூடி மகிழ்வதில் பாவம் ஏதுமில்லை. ஆயினும் காலையில் அதே நிரையில் வெட்டிவிட்டுப் போனவள் யார் என்ற எண்ணம் அவர்களுள் எத்தனை பேருக்கு எழுந்திருக்கும்?

வேற்றுமை இங்கேதான் இருக்கிறது. ஏவப்பட்டு நடப்பவனுக்கு அந்நிலத்தினிடம் கடன் ஏதுமில்லை. இருந்தாலும் அவனுடைய உடம்பு அதனை என்றோ கட்டிவிட்டது. விரும்பி நடப்பவன் நிலை அத்தகையதன்று. வராமல் இருந்திருக்கலாம், வந்தான். ஆகவே, யார் இடத்துக்கு வந்தேன், எதைப் பெற்றேன், எதை வைத்துப் போகிறேன் என்று விடை சொல்ல அவன் கடமைப்பட்டவனாகிறான். சுதந்திரம் வளர வளர இந்தக் கடனும் வளரும். நம் இளைஞர் தாத்தா பாட்டியரைவிடச் சுதந்திரமுடையவர் என்றால், அவர்களைவிடக் கடன்பட்டவர் என்பதும் உண்மை.

வியக்கத்தக்கது யாதெனில், விளையாட்டுக்காரர் தமக்கென வகுத்துக்கொண்ட விதிகளே இக்கடனை நன்கு உணர்ந்தவைபோல் அமைந்திருப்பதாகும். நிலத்துக்குரியவரின் அனுமதியின்றிப் பெட்டி வைக்கலாகாது. பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தால், அதற்கு ஈடானதையோ மேலானதையோ வைக்கவேண்டும். நூறாண்டுக்கு மேலாக நம் தோட்டங்களிலிருந்து எடுத்துச் சென்றவர்கள் இவ்விரண்டாம் விதியைக் கேட்டிருந்தால் நகைத்திருப்பர்.

அனுமதி என்பதைச் சற்று விரித்தே பொருள்கொள்ளவேண்டும். பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் கடிதம் பெற்றுவிட்டால் சட்டம் திருப்தியடையும், அறம் அடையுமா? ஆஸ்திரேலியாவின் நடுவிலுள்ள ஊலுரு என்னும் பெரும்பாறையின்மீது ஏறுவது வேண்டாம் என்று அம்மண்ணின் ஆதிக்குடிகளான அனங்கு மக்கள் நெடுங்காலம் கேட்டுக்கொண்டிருந்தனர். 2019 அக்டோபர் 26ஆம் தேதிதான் ஏறுவது அடியோடு நிறுத்தப்பட்டது. அதுவரையில் ஏறியவர் யாவரும் சட்டப்படியே ஏறினர்.

நம் தோட்டங்களிலும் கேட்கத்தக்கவர்கள் உண்டு. இன்று அங்கே குலை வெட்டுவோரிற் பெரும்பாலோர் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவருமாவர். குடும்பத்தைக் கடல்கடந்து விட்டுவந்து, கடனுக்காக உழைக்கும் அவர்கள் நிலை நம் முன்னோர் நிலைக்குத் தூரமானதன்று. கைப்பேசியை நீட்டிக்கொண்டு மரத்தடியைத் துழாவும் பட்டணத்துப் பிள்ளையைக் கண்டு, குலை திருடனோ என்று ஜாகா ஐயுற்றால் அது அவர் தவறாகாது. முதலில் வணக்கம் சொல்லி, வந்த காரியத்தைச் சொல்வதனால் யாருக்கும் தாழ்வு வந்துவிடாது.

தோட்ட எல்லையில் நட்டிருக்கும் முனீஸ்வரன் கல்லைப்பற்றியும் ஒரு சொல். கல்லுக்கு அருள் உண்டென்று நம்பாத பகுத்தறிவாளன், அதனடியில் பெட்டியை ஒளித்து வைத்தால் என்ன என்று கேட்கலாம். கல்லை அஞ்சவேண்டுவதில்லை. ஆனால் புலியும் பாம்பும் காய்ச்சலும் நிறைந்த காட்டின் விளிம்பில், பேசுவதற்கு ஆளில்லாத ஒருவன் தன் அச்சத்தை அக்கல்லில் வைத்துவிட்டு வேலைக்குப் போனான். அவனுடைய அச்சத்தின்மீது நாம் விளையாட்டுப் பெட்டியை வைக்கலாமா? கல்லைத் தெய்வமென்று வணங்காதவனும் இதனை உணரக்கூடும். இடுகாடுகளைப்பற்றிச் சொல்லவே வேண்டா.

ராஜா மூசாவைப்போன்ற சதுப்புக் காடுகள் வேறுவகை மரியாதையை வேண்டுவன. 1990இல் ஒதுக்குக் காடாக அறிவிக்கப்பட்ட அந்நிலத்தின் மண், நீர் வற்றினால் விறகாகிவிடுகிறது. மேலே புல் பசுமையாயிருக்க, கீழே நாட்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். அங்கே செல்பவன் வீசும் ஒரு சிகரெட்டுத் துண்டு, அவன் பெயரெழுதிய ஏட்டைவிட நீண்டகாலம் நினைவிலிருக்கும்.

இவ்விளையாட்டைக் கேட்டதும் பெரியோர் சிலர், "அந்தக் காட்டைவிட்டு வெளியேறத்தானே பாடுபட்டோம், திரும்பவும் அங்கே என்ன வேலை?" என்பர். அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதனை எள்ளுபவனுக்கு உழைப்பின் வலி தெரியாது. ஆனால் பட்டணத்துத் தமிழர் சிலர் தோட்டத்தை மறப்பதற்குக் காரணம் வலியன்று, வெட்கம். தந்தை மண்டோராயிருந்தார், தாய் பால் வெட்டினார் என்பதைச் சம்பந்தி வீட்டார் அறியாதபடி மூடி வைக்கின்றனர். அவர்கள் மறைத்து வைத்திருக்கும் பெட்டிக்கு எண்ணும் கிடையாது, ஏடும் கிடையாது. பிள்ளைகள் தேடிக் காண வழி ஏது?

ஏடு என்னும்போது மற்றொன்றும் நினைவுக்கு வருகிறது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்குமிடையே இட்ட இருப்புப் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டுபோகப்பட்டனர். மிகப் பலர் திரும்பவில்லை. அதே பாதையில் இறந்த நேசநாட்டுப் போர்வீரர்க்குக் காஞ்சனபுரியில் ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள், வரிசை வரிசையாக, புல் வெட்டிப் பேணப்பட்டு நிற்கின்றன. நம்மவர் எவ்விடத்தில் விழுந்தனர் என்று சொல்ல எந்தக் கருவியிலும் எண் இல்லை. அன்று அவ்விடத்தைக் குறித்துவைக்க ஒருவரும் இல்லாததே காரணம்.

சிலாங்கூர்த் தோட்டங்களின் நிலை அவ்வளவு கைமீறிப் போய்விடவில்லை. லயம் இருந்த இடத்தைச் சுட்டக்கூடிய கிழவர்கள் இன்னும் இருக்கின்றனர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம். நடக்க இயலாதவரிடம் வீட்டிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்: எந்தத் தீம்பார், எந்தப் பிரட்டு மேடு, கிணறு எப்பக்கம், எவ்வாண்டு நட்ட மரங்கள், துரைமார் வைத்த பெயர் என்ன, நம்மவர் தமக்குள் வழங்கிய பெயர் என்ன. தோட்டத்தாரின் அனுமதி கிடைத்தால் அங்கே ஒரு பெட்டியும் வைக்கலாம். பெட்டியிலுள்ள ஏட்டில் இன்ன மொழியில்தான் எழுதவேண்டும் என்ற விதி இவ்விளையாட்டில் இல்லை. முதற் பக்கத்தைத் தமிழில் அக்கிழவரே எழுதட்டும். கை நடுங்கினால் அவர் சொல்ல, பேரன் எழுதட்டும்.