கடைமடை சொல்லும் சொல்

"பரவால்லீங்க."

நானும் நண்பனும் சேர்ந்து செய்த விளையாட்டை முதலில் ஆடிப் பார்த்த பத்துப் பேரில் ஏழு பேர் சொன்னது இந்த ஒரு சொல்லைத்தான். கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்கு இதன் எடை தெரியும். விருந்தில் குழம்பு உப்புக் கரித்தாலும் பரவால்லீங்க. பஸ் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாலும் பரவால்லீங்க. எதிரில் நிற்பவர் மனம் நோகக் கூடாது என்ற பெரிய பண்பு அந்தச் சொல்லில் இருக்கிறது. ஆனால் ஒன்றைச் செய்துவிட்டு அதன் குறை என்ன என்று அறியக் காத்திருப்பவருக்கு, அந்தச் சொல்லுக்குள் கிடக்கும் உண்மையை எடுப்பது, கிணற்றில் விழுந்த குடத்தைப் பாதாளக் கரண்டி போட்டுத் தேடுவது மாதிரி.

விளையாட்டின் பெயர் 'மடை'. கோயம்புத்தூர் பீளமேட்டில் நண்பனின் வாடகை அறையில், ஒரு வெள்ளி இரவு தொடங்கி ஞாயிறு இரவு முடிய, 48 மணி நேரத்தில் செய்தோம். திரையில் நீல வட்டம் என்றால் ஊற்று. சதுரம் என்றால் தோட்டம். இரண்டையும் விரலால் கோடு இழுத்து இணைத்தால் அது வாய்க்கால். கோடுகள் கணக்காகத்தான் கிடைக்கும். தோட்டங்களோ முளைத்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் எட்டாத சதுரம் பச்சையிலிருந்து பழுப்புக்குப் போகும். மூன்று சதுரங்கள் காய்ந்தால் ஆட்டம் முடிந்தது. எழுத்து கிடையாது, விளக்கம் கிடையாது. பார்த்தாலே புரிய வேண்டும் என்பது எங்கள் ஆசை.

இப்படி நேரம் குறித்து விளையாட்டு செய்யும் வழக்கம் உலகெங்கும் இருக்கிறது. 2002இல் தொடங்கிய 'லூடம் டேர்' அதில் மூத்தவற்றுள் ஒன்று. தனியாகச் செய்பவருக்கு 48 மணி நேரம், குழுவாகச் செய்பவருக்கு 72 மணி நேரம். 2013 ஏப்ரலில் நடந்த அதன் 26ஆம் போட்டிக்குக் கொடுத்த தலைப்பு 'எளிமை'. நியூசிலாந்தைச் சேர்ந்த கரி சகோதரர்கள் அந்த வார இறுதியில் 'மைண்ட் த கேப்' என்று ஒன்றைச் செய்தார்கள். வட்டமும் முக்கோணமும் சதுரமும் ரயில் நிலையங்கள். அவற்றைக் கோட்டால் இணைத்து ரயில் விட வேண்டும். அதுதான் வளர்ந்து 'மினி மெட்ரோ' ஆனது. முழுமை பெறாத நிலையிலேயே 2014இல் ஆடுபவர்கள் கைக்குக் கொடுத்தார்கள். முழு வடிவம் 2015 நவம்பரில் வந்தது. பிறக்க ஒரு வார இறுதி போதும். ஆளாக இரண்டரை ஆண்டு வேண்டியிருந்தது.

அந்தப் போட்டியில் எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடப்பது. மணி அடித்து முடிந்ததும் செய்தவர்கள் எல்லோரும் ஒருவர் செய்ததை ஒருவர் ஆடி மதிப்பிடுகிறார்கள். பிறர் விளையாட்டுக்கு நேரம் கொடுப்பவரின் விளையாட்டுதான் பிறர் கண்ணில் அதிகம் படும். மொய் எழுதும் ஊரில் வளர்ந்த எனக்கு இந்த முறையை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நாங்களும் எங்கள் பத்துப் பேரிடம் கொடுத்தோம். வாய் 'பரவால்லீங்க' என்றது. அதனால் கைகளைப் பார்த்தோம். ஏறக்குறைய எல்லோருடைய விரலும் காய்ந்துகொண்டிருக்கும் சதுரத்தில்தான் முதலில் போய் நின்றது. அங்கிருந்து ஊற்றை நோக்கிக் கோடு இழுக்கப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஊற்றிலிருந்து தோட்டத்துக்கு இழுத்தால் மட்டுமே கோடு விழும்படி நாங்கள் எழுதியிருந்தோம். தண்ணீர் அந்தத் திசையில்தானே ஓடும்! விரல் ஒரு நொடி தயங்கும், மறுபடி இழுக்கும். பிறகு எங்கள் முகத்தை நிமிர்ந்து பார்ப்பார்கள். "ஊத்துல இருந்து இழுக்கோணுங்க" என்று சொல்லிக் கொடுப்போம். அதன் பிறகு ஆட்டம் சரியாகப் போகும்.

ஒவ்வொருவரிடமும் அதைச் சொல்லிவிட்டு, கூடவே, "நாப்பத்தெட்டு மணி நேரந்தாங்க இருந்துச்சு" என்றும் சொன்னோம். பத்தாவது ஆளிடம் சொன்னபோது என் காதுக்கே அது கசந்தது. நேரம் போதாதது உண்மைதான். ஆனால் ஆடுபவரின் விரலுக்கு அந்த உண்மையால் ஒரு பயனும் இல்லை. தொடக்கத்தில் ஓர் அம்புக்குறி போட்டுவிட்டால் தீர்ந்தது என்று முடிவு செய்தோம்.

அடுத்த வாரம் வெள்ளக்கோவில் பக்கம் எங்கள் அப்பாரு (தாத்தா) தோட்டத்துக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தவரிடம் டேப்லெட்டைக் கொடுத்தேன். அவருக்கு எண்பது வயதுக்கு மேல். அவர் விரலும் நேராகப் பழுப்புச் சதுரத்துக்குத்தான் போனது. "ஊத்துல இருந்து ஆரம்பிக்கோணுங்க அப்பாரு" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "காயிறது இங்க. அப்ப இங்க இருந்துதானே கண்ணு பாக்கோணும்?"

அவர் வாழ்நாள் முழுக்கக் கடைமடையில் நின்றவர். எங்கள் பகுதிக்கு வருவது பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணீர். ஆனைமலையில் மேற்கே ஓடிய ஆறுகளை அணைகளாலும் மலையைக் குடைந்த சுரங்கங்களாலும் ஒன்றோடொன்று கோத்து, கிழக்கே மழை குறைந்த சமவெளிக்குத் திருப்பிய திட்டம் அது. திருமூர்த்தி அணையிலிருந்து கால்வாய் கிளம்புகிறது. பாசன நிலத்தை நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறை வைத்து விடுகிறார்கள். தாளில் வரைந்தால் 'மடை' விளையாட்டின் பெரிய அண்ணன் போலவே இருக்கும். தலைமடையில் ஷட்டரைத் தூக்கும்போது பார்த்தால் தண்ணீர் பொங்கிப் போகும். அங்கே நிற்பவருக்கு வேலை முடிந்தது. காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கம் வாய்க்கால் மேட்டில் நிற்பவருக்குத்தான் அது வந்ததா, எவ்வளவு வந்தது, எத்தனை நாள் நின்றது என்று தெரியும். சிறு வயதில் நான் கேட்ட பேச்செல்லாம் "தண்ணி உட்டாச்சாமா" என்பதில் தொடங்கி "நமக்கு வந்துச்சா" என்பதில் முடியும்.

அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்துக்கு மூன்று மாவட்ட மக்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். 2024 ஆகஸ்டில் அது தொடங்கியது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானி ஆற்றின் உபரி நீரை எடுத்து, ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு. என்னைப் போன்ற மென்பொருள்காரனுக்கு அந்த வரைபடமே மலைப்பைத் தருகிறது. ஆனால் அந்த 1,045இல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கரை உண்டு. அந்தக் கரையில் நிற்கும் ஒருவர் உண்டு. மோட்டார் ஓடுவதை நிலையத்தில் இருப்பவர் சொல்லலாம். குளம் நனைந்ததைக் கரையில் நிற்பவர்தான் சொல்ல வேண்டும்.

பவானியையும் நொய்யலையும் இணைக்கும் காலிங்கராயன் வாய்க்கால் எழுநூறு ஆண்டுகளைத் தாண்டியும் ஓடுகிறது. ஒரு பாம்பு ஊர்ந்து காட்டிய வழியில் வெட்டியதாக ஊரில் கதை சொல்வார்கள். அவ்வளவு வளைவுகள் அதில். மேட்டையும் பள்ளத்தையும் பார்த்து, நிலம் போகச் சொன்ன வழியில் போயிருக்கிறார்கள் என்றே அந்தக் கதையை நான் புரிந்துகொள்கிறேன். நேராக வெட்டியிருந்தால் தூரம் குறைந்திருக்கும். கடைசி வயலுக்குத் தண்ணீர் ஏறியிருக்குமா?

அப்பாரு சொன்ன ஒரு வாக்கியம் விளையாட்டோடு நிற்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவர் கிணற்று மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கிப் பொருத்தியிருந்தேன். இருட்டில் பாம்பு பூச்சிக்கு நடுவே நடக்க வேண்டாம், திண்ணையில் இருந்தபடி போனில் போட்டுக்கொள்ளலாம் என்று. ஊருக்குப் போகும்போதெல்லாம் கேட்பேன், "ஸ்டார்ட்டர் எப்படிங்க அப்பாரு?" அவர் சொல்வார், "பரவால்ல கண்ணு." நானும் நிம்மதியாகத் திரும்பிவிடுவேன்.

அன்று மாலை கேட்கவில்லை, பார்த்தேன். போனில் மோட்டாரைப் போட்டார். மோட்டார் ஓடுகிறது என்று பதில் வந்தது. உடனே துண்டை உதறித் தோளில் போட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

"எங்கீங்க போறீங்க? அதான் ஓடுதே!"

"மோட்டார் ஓடுறது இதுல தெரியுது கண்ணு. கடைசித் தென்னைக்குப் போச்சான்னு தெரியலையே."

இரண்டு ஆண்டுகளாக அதே இருட்டில், அதே நடை. ஒரு வேலையைக் குறைத்ததாக நினைத்து நான் இன்னொன்றைக் கூட்டி வைத்திருந்தேன். என்னிடம் பணம் இருந்தது, கருவி தெரிந்திருந்தது. அந்த ஊற்றிலிருந்து நான் கோடு இழுத்தேன். அவர் தோட்டத்தில் எது காய்கிறது என்று அங்கே போய் நின்று பார்க்கவில்லை. அவரும் என் மனம் நோகக் கூடாதென்று ஒரு சொல்லில் முடித்துக்கொண்டார்.

நாம் ஒருவருக்கொருவர் செய்வதெல்லாம் நேரக் கெடுவுக்குள் செய்வதுதான். சமையல், பிள்ளை வளர்ப்பு, வயதானவர்களைப் பார்த்துக்கொள்வது, ஒரு வீடு கட்டுவது, எதுவும் முழு ஆயத்தத்தோடு நடப்பதில்லை. அவசரத்தில் செய்ததில் குறை இருப்பது இயல்பு. அந்தக் குறையைத் தெரிந்துகொள்ளாமலே இருந்துவிடுவதுதான் எனக்கு இப்போது அச்சமாக இருக்கிறது. "எப்படி இருக்கு?" என்று தலைமடையில் நின்று கூவிக் கேட்டால், நல்ல மனிதர்கள் நல்ல பதிலைத்தான் சொல்வார்கள். கரையோடு நடந்து கடைசி வரை போனால், அவர்கள் சொல்லாமலே தெரியும்.

அம்புக்குறியை எடுத்துவிட்டோம். இப்போது 'மடை'யில் எந்தச் சதுரத்திலிருந்தும் கோட்டைத் தொடங்கலாம். 'மினி மெட்ரோ'வில் எந்த நிலையத்திலிருந்தும் தொடங்கலாம் என்பதை எத்தனையோ முறை ஆடியும், அது ஏன் என்று நான் யோசித்ததில்லை.

அன்று இரவு அப்பாருவோடு நானும் போனேன். சொட்டுநீர்க் குழாயின் வரிசை முடியும் இடத்தில் கடைசித் தென்னை. அதன் அடிமண் பாதிதான் நனைந்திருந்தது. அவர் குனிந்து குழாயின் முனை மூடியைத் திருகி எடுத்தார். முதலில் உப்பும் சேறும் கலந்து பழுப்பாக வந்தது. அவர் அவசரப்படவில்லை. டார்ச் வெளிச்சத்தில் தண்ணீர் தெளியும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூடியை என் கையில் கொடுத்தார்.

"இப்ப மூடு கண்ணு."