கோளாறு வரும் என்று தெரிந்தபின் எதை வேண்டுவது?

வளைகுடா நாட்டு விமான நிறுவனம் ஒன்றின் நேர்முகத் தேர்வுக்கும் சிமுலேட்டர் சோதனைக்கும் மரக்காணத்தில் எங்கள் வீட்டிலிருந்து தயாராகிக்கொண்டிருக்கிறேன். நான் ஏ320 விமானத்தில் துணை விமானி. படிக்கப் படிக்கத் தேர்வைவிடப் பிரார்த்தனையைப் பற்றிய ஒரு கேள்விதான் மனதை அரிக்கிறது. கோளாறு வருவது நிச்சயம் என்றால், கடவுளிடம் எதைக் கேட்பது?

மற்ற பரீட்சைகளில் கஷ்டமான கேள்வி வராமல் போகலாம். சிமுலேட்டரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பின்னால் உட்கார்ந்திருக்கும் பரிசோதகர் ஒரு பொத்தானைத் தொடுவார், ஒரு என்ஜின் போய்விடும். பெரும்பாலும் வி ஒன் என்ற வேகத்தைத் தாண்டிய மறுநொடியில். அதற்கு முன்பென்றால் ஓடுபாதையிலேயே நிறுத்திவிடலாம். தாண்டிவிட்டால் நிறுத்த இடம் போதாது, ஏறித்தான் ஆகவேண்டும். அதனால் “வி ஒன்” என்ற குரல் கேட்டதும் த்ரஸ்ட் லீவரிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். நிறுத்திவிடலாமா என்ற சபலம் கைக்கு வந்துவிடக் கூடாதல்லவா. என்ஜின் போனதும் மூக்கு ஒரு பக்கமாக இழுக்கும். நன்றாக ஓடும் என்ஜின் பக்கத்து ரட்டர் பெடலை மிதித்து நேராக்க வேண்டும். மிதி கூடினாலும் வம்பு, குறைந்தாலும் வம்பு. நேராக்கி, ஏறி, சக்கரத்தை உள்ளிழுத்தபின் 400 அடி வரும்வரை பழுதின் பக்கம் கை போகக் கூடாது. மணி அடிக்கும், விளக்கு எரியும். எதையாவது செய்யச் சொல்லி உடம்பு துடிக்கும். அந்தச் சில நொடிகள் அடங்கியிருப்பதுதான் இந்தச் சோதனையிலேயே கடினமானது என்பேன்.

இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லித்தான் பழக முடியும். அந்தி சாயும்போது திண்ணையில் உட்கார்ந்து என்ஜினில் தீ, அடுத்து இது, அதற்கடுத்து அது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளேயிருந்து வந்துவிட்டாள். “வெளக்கு வைக்கிற நேரத்துல தீ, பொகைன்னு என்னாடி பேச்சு இது? வாயில நல்ல வார்த்தையே வராதா?”

அம்மாவை மூடநம்பிக்கைக்காரி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. சொல் பலிக்கும் என்பது இந்த மண்ணின் பழைய நம்பிக்கை. கேட்டு முடித்தால் உயிர் போகும் என்று தெரிந்தே மூன்றாம் நந்திவர்மன் நந்திக் கலம்பகத்தைக் கேட்டு மாண்டான் என்று கதை சொல்லும் ஊர் நம்முடையது. நோயாளி படுத்திருக்கும் வீட்டில் யாரும் முடிவைப் பேசுவதில்லை, அதுவும் அன்புதான்.

விமானி அறையில் அந்த அன்பு ஆளைக் கொன்றுவிடும். 1977 மார்ச் 27 அன்று டெனெரீஃப் தீவில், பனிமூட்டத்துக்குள் கேஎல்எம் விமானம் புறப்பட்டு ஓடத் தொடங்கியிருந்தது. அதே ஓடுபாதையில் இருந்த பான் ஆம் விமானம் விலகிவிட்டதா என்று கேஎல்எம் ஃப்ளைட் என்ஜினியர் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்திச் சொன்னார். அவர் அந்த நிறுவனத்திலேயே பெயர்பெற்ற மூத்தவர். என்ஜினியர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். “கேப்டன் செய்வது தவறு என்று பட்டபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்று இன்று நேர்முகத் தேர்வில் கேட்பதற்குப் பின்னால் அந்தச் சாவுகள் இருக்கின்றன. பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே, அபசகுனமாகப் பேசாதே என்று கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகள் இந்தக் கேள்விக்கு மனப்பாடமாகப் பதில் வைத்துக்கொள்வது எனக்குப் பயமாக இருக்கிறது.

என் அப்பா உப்பளக்காரர். “மழை வரும்” என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. உப்பு வாரும் பருவத்தில் ஒரு மழை அடித்தால் பாத்தியில் விளைந்தது கரைந்துபோகும்; அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வராது. ஆனால் வெயில் கொளுத்தும்போதே கீற்று வாங்கி அடுக்கிவிடுவார். உப்பு அம்பாரத்தை மேடு பார்த்துத்தான் குவிப்பார். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோதும் அவர் செய்யவேண்டியதை எப்போதோ செய்து முடித்திருந்தார். நாக்கைக் காத்துக்கொண்டே கையால் தயாராவது அவருக்குப் போதும், அவர் தனியாள். விமானத்தை இருவர் ஓட்டுகிறோம். என் மனதில் இருப்பது பக்கத்து இருக்கைக்குத் தெரிய வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் புறப்படுமுன் வாய்விட்டுச் சொல்கிறோம்: வி ஒன்னுக்கு முன் என்றால் நிற்போம், பின் என்றால் ஏறுவோம். பயணிகள் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் முன்னால் நடக்கும் இந்தப் பேச்சை நான் பிரார்த்தனை என்றே நம்புகிறேன். கவலை என்றால் கெட்டதை நினைத்து அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். இது அடுத்து என்ன என்று கேட்கிறது.

இந்தக் கடற்கரையிலேயே தெற்கே திருப்பாதிரிப்புலியூரில்தான், கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரையேறினார் என்பார்கள். தள்ளவேண்டாம் என்று அவர் கெஞ்சியதாகப் பெரியபுராணம் சொல்லவில்லை. தள்ளியபின் பாடினார். கல் மிதந்ததை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். எனக்கு, அவர் எதைக் கேட்கவில்லை என்பதுதான் பெரிது.

ஒத்திகை பார்த்திராத ஒன்று வந்தால்? 2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட குவாண்டாஸ் ஏ380 விமானத்தில் ஒரு என்ஜின் வெடித்துச் சிதறியது. திரையில் பழுதுச் செய்திகள் ஓயாமல் வந்துகொண்டிருந்தன. கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினி ஒரு கட்டத்தில் எது போயிற்று என்று பார்ப்பதை நிறுத்திவிட்டு, எது மிச்சமிருக்கிறது என்று எண்ணத் தொடங்கினார். 469 பேரும் பத்திரமாக இறங்கினார்கள். இருப்பதை எண்ணிப் பார்ப்பதைத்தானே நம் வீடுகளில் நன்றி சொல்வது என்கிறோம்?

அம்மா நாளை பூமீஸ்வரர் கோயிலுக்குப் போகிறாள். “எந்தக் கோளாறும் வரக்கூடாதுன்னு அர்ச்சனை பண்றேன்” என்றாள். சிமுலேட்டரில் அது வந்தே தீரும் என்று விளக்க வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். விமானத்தில் என் முதுகுக்குப் பின்னால் உட்காருகிறவர்களும் அதைத்தான் வேண்டிக்கொள்வார்கள், அதுதான் நியாயம். அவர்கள் காலடியில் பெடல் இல்லை. எனக்கு இருக்கிறது. அதனால் அந்த வேண்டுதலை அம்மாவுக்கே விட்டுவிட்டேன்.