ஆசானின் வழியும் ஆசானின் நோக்கமும்

ஒரு சங்கத்தில் மூத்தவராக இருந்து இளையவர்களை ஆளாக்கிவிட்ட ஒருவர் மறைந்தபின், அவருக்குச் செலுத்த வேண்டிய கடன் எது? படத்திறப்பும் நினைவுநாளும் நன்றியின் அடையாளங்கள்; அவற்றில் யாருக்கும் கருத்து வேறுபாடு எழுவதில்லை. அவர் செய்ததை அப்படியே தொடர்வதா, அவர் எதற்காக அதைச் செய்தாரோ அதைத் தொடர்வதா என்று கேட்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

அமெரிக்காவின் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா சகோதரச் சங்கத்தின் வரலாற்றில் இதற்குத் தக்க சான்று உண்டு. 1906 டிசம்பர் 4 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர் எழுவர் தொடங்கிய சங்கம் அது. வழக்கறிஞர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டனும் அவருடைய மாணவர் தர்குட் மார்ஷலும் அதன் உறுப்பினர்கள். 1929இல் ஹோவர்டு சட்டக் கல்லூரியின் துணை முதல்வரான ஹூஸ்டன், மாலை வகுப்புகளாக நடந்துவந்த படிப்பை முழுநேரப் படிப்பாக்கினார். 1931இல் கல்லூரிக்கு அங்கீகாரம் கிடைத்தது. மாணவர்கள் அஞ்சும் அளவுக்குக் கண்டிப்பானவர். சமுதாயத்தைச் சீர்செய்ய உதவாத வழக்கறிஞர் அதற்குச் சுமை என்பதே அவர் கற்பித்த பாடம். 1933இல் அங்கே முதல் மாணவராகத் தேறியவர் மார்ஷல்.

‘தனித்தனியே, ஆனால் சமமாக’ என்று கறுப்பினத்தவரைப் பிரித்துவைக்க இடம் தந்த 1896ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அப்போது நடப்பில் இருந்தது. அதை நேரடியாக எதிர்த்தால் தோற்றுவிடுவோம் என்று கணித்த ஹூஸ்டன், அந்தச் சமத்துவத்தையே மாநிலங்களிடம் கேட்டார். தென் கரோலினாவின் ஊர்ப்புறங்களுக்குப் படக்கருவியோடு போய், கறுப்பினக் குழந்தைகளின் பாழடைந்த பள்ளிக் கொட்டகைகளையும் வெள்ளையர் பள்ளிகளையும் படம்பிடித்துச் சான்று சேர்த்தார். எல்லாவற்றையும் இரண்டிரண்டாகச் சமமாகக் கட்டிக் கொடுக்க எந்த மாநிலத்துக்கும் கட்டுப்படியாகாது என்பது அவர் கணக்கு. 1935இல் ஆசானும் மாணவரும் சேர்ந்து வாதாடி, மேரிலாந்து பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் டொனால்ட் மர்ரே என்ற கறுப்பின மாணவருக்கு இடம் வாங்கித் தந்தார்கள்.

வாஷிங்டன் நகரில் நல்ல பள்ளி கேட்டுப் போராடிய பெற்றோருக்கும் ஹூஸ்டனே வழக்கறிஞர். நோய்ப்படுக்கையில் விழுந்தபோது, அவர்களின் தலைவரான முடிதிருத்துநர் கார்ட்னர் பிஷப்பை ஜேம்ஸ் நாப்ரிட் என்ற வழக்கறிஞரிடம் போகச் சொன்னார். சமமான கட்டடம் கேட்பதற்கு வரமாட்டேன், பிரிவினையே தவறு என்று வாதாடுவதானால் வருகிறேன் என்றார் நாப்ரிட். பெற்றோர் ஒப்புக்கொண்டார்கள். 1950 ஏப்ரல் 22 அன்று ஹூஸ்டன் மறைந்தார். மார்ஷலும் பழைய உத்தியைக் கைவிட்டுப் பிரிவினையை நேரடியாக எதிர்த்தார். 1954 மே 17 அன்று நாப்ரிட், மார்ஷல் இருவர் வழக்குகளிலும் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக வெற்றித் தீர்ப்பு அளித்தது.

ஹூஸ்டனின் வழி மாறியது, நோக்கம் மாறவில்லை. இதைத் துரோகம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எது வழி, எது நோக்கம் என்று பிரித்துச் சொல்பவர் சீடரே. ஆசான் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை. ஆகவே தமக்கு வசதியான எதையும் ‘இதுதான் அவர் மனத்தில் இருந்தது’ என்று சொல்லிவிடலாம்.

இந்த ஐயத்துக்கு விடைதரும் உரைகல், மாற்றத்தின் சுமை யார் தலையில் விழுகிறது என்பதே. நாப்ரிட்டும் மார்ஷலும் ஹூஸ்டனைவிடக் கடினமான வழக்கைத் தோளில் ஏற்றுக்கொண்டார்கள். தோற்றிருந்தால் அதுவரை ஈட்டிய ஆதாயமும் பறிபோயிருக்கலாம். சீடரின் பாரத்தைக் கூட்டும் மாற்றத்தை நம்பலாம். அவருடைய பாரத்தைக் குறைத்துப் பிறர்மேல் ஏற்றும் மாற்றத்தை ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும்.

மாறாமல் இருப்பதற்கும் இதே அளவுகோல் பொருந்தும். புதிதாகச் சேர்பவர்களை வதைப்பதை மூத்தோர் மரபு என்றே பல சகோதரச் சங்கங்களில் நியாயப்படுத்தினார்கள். அந்த மரபில் மூத்தவருக்கு இழப்பில்லை, வலி முழுவதும் இளையவருக்கே. அதற்கு இடம் தந்த பழைய சேர்க்கை முறையை ஆல்ஃபா உள்ளிட்ட கறுப்பினச் சங்கங்கள் 1990இல் ரத்து செய்தன. வடிவத்தைக் காப்பதாலேயே விசுவாசம் நிரூபணமாகிவிடாது.

ஹோவர்டு சட்டக் கல்லூரியின் முதன்மைக் கட்டடம் இன்று ஹூஸ்டன் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த மரியாதை அவருக்கு உரியதே. ஆனால் அவர் இளையவர்களுக்குத் தந்தது உழைப்பையும் ஆயத்தத்தையும். அவற்றை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பவரும், தேவைப்படும் இடத்தில் அவரைத் தாண்டிப் போகத் துணிபவருமே அந்தக் கடனை அடைக்கிறார்கள்.