வகுப்பறையில் ஒரு படையல்

நவம்பர் நெருங்கினால் அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகள் சிலவற்றில் ஸ்பானிஷ் வகுப்பின் மூலையில் ஒரு படையல் மேடை எழும்பிவிடும். துலுக்கச் சாமந்தி, மெழுகுவத்தி, கொஞ்சம் உப்பு, மேலே எலும்பு வடிவில் மாவு ஒட்டிச் சுட்ட ரொட்டி, நடுவே மறைந்த தாத்தா பாட்டிகளின் படங்கள். ஒரு குவளைத் தண்ணீரும் உண்டு. நெடுந்தொலைவு வரும் ஆவிக்குத் தாகம் எடுக்குமாம். ஏழு வயதுப் பிள்ளை சும்மா இருக்குமா? "நிஜமாவே வருவாங்களா?" என்று கேட்டுவிடும்.

ஆசிரியர் என்ன சொல்ல?

இந்தப் படையல் மெக்சிகோவின் இறந்தோர் நாளுக்கானது. அந்த நாளில் ஸ்பானியர் வருகைக்கு முந்தைய சடங்குகளும், நவம்பர் 1, 2 தேதிகளின் கத்தோலிக்கத் திருநாள்களும் கலந்திருக்கின்றன. யுனெஸ்கோ 2008இல் இதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பண்பாடு என்று பெயர் சூட்டிவிட்டால் நம்பிக்கை கழன்று விழுந்துவிடுமா, என்ன?

அரசுப் பள்ளியில் பக்திச் சடங்காக பைபிள் வாசிக்கக் கூடாது, மதங்களைப் பற்றிப் பாடமாகக் கற்பிக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963இல் சொன்னது. கோடு தெளிவுதான். படத்தின் முன் பூ வைக்கும் குழந்தைக்குத்தான் அது தெரியாது.

ஆவியை விட்டுவிட்டு, அந்த நாளுக்கெனச் சர்க்கரையில் செய்யும் மண்டையோட்டை மட்டும் காட்டுவது பாதுகாப்பானது. ஆனால் அது வெறும் கைவினை வகுப்பு. "வருவார்கள் என்று அங்கே பலர் நம்புகிறார்கள். உங்கள் வீட்டில் என்ன சொல்கிறார்கள், கேட்டு வா" என்பதே நேர்மையான பதில். படம் கொண்டுவர விரும்பாத பிள்ளையை வற்புறுத்தவும் கூடாது.