அடுப்படிக்கு வந்த பெயர்

பழைய அயர்லாந்தில் பிரிஜித் என்ற பெயரைப் பெண் குழந்தைக்கு வைக்கத் தயங்கினார்கள். அது புனிதவதியின் பெயர். வாசலில் நின்று உரக்கக் கூப்பிடவும் கோபத்தில் ஏசவும் ஆகாத பெயர். ஆண்பிள்ளைகளுக்கு மெய்ல் பிரிக்தே என்று வைத்தார்கள். பிரிஜித்துக்காகத் தலையை மழித்துக்கொண்டவன், அவளுடைய அடியான் என்று பொருள். இன்று ஸ்காட்லாந்தில் சாதாரணமாக வழங்கும் மால்கம் என்ற பெயரும் கொலம்பா என்ற துறவியின் அடியான் என்று இதே போல் வந்ததுதான். கன்னி மரியாளுக்கும் இந்த மரியாதை உண்டு: அவருக்கு மட்டும் முய்ரா, ஊர்ப் பெண்களுக்கு மாய்ரா.

நேசிக்கிற பெயரைப் பிள்ளைக்கு வைத்து, ஒரு நாளில் நூறு முறை கூப்பிட்டு மகிழ்வதுதான் நாம் அறிந்த அன்பு. நேசிப்பதாலேயே வைக்காமல் விடுகிற அன்பும் ஒன்று இருந்திருக்கிறது.

*

பெயரின் வேரில் இருப்பது உயரம். 'உயர்ந்தவள்' என்று பொருள்படும் பிரிகந்தி என்பதை இதன் பழைய கெல்டிக் வடிவமாக மொழியியலாளர்கள் காட்டுகிறார்கள். சமஸ்கிருதத்தின் பிருஹதி அதற்கு உடன்பிறப்பு. தஞ்சைப் பெரிய கோயிலின் அம்மனைப் பிருஹந்நாயகி, பெரியநாயகி என்கிறோமே, அந்தப் பிருஹத்தும் இதே வேர்தான். ரோமானியர் காலத்து வட இங்கிலாந்தில் பிரிகாண்டியா என்ற தெய்வத்துக்குக் கல்லில் எழுத்து வெட்டி வைத்திருக்கிறார்கள்.

அயர்லாந்தின் கேஷலில் அரசராகவும் ஆயராகவும் இருந்த கார்மக் 908-இல் இறந்தார். அவர் பெயரால் வழங்கும் சொற்பொருள் நூல், பிரிஜித்தைப் புலவர்கள் வணங்கிய தெய்வம் என்கிறது. அவளுக்குச் சகோதரிகள் இருவர். ஒருத்தி மருத்துவத்துக்கு உரியவள், இன்னொருத்தி கொல்லுலைக்கு. அவர்கள் பெயரும் பிரிஜித்தான். பாட்டையும் மருந்தையும் இரும்பையும் ஒரே பெயரால் அழைத்த மக்களுக்கு, ஒரு வேலை உயர்வு, மற்றது தாழ்வு என்ற எண்ணம் அவ்வளவாக இருந்திருக்காது என்று நம்ப விரும்புகிறேன்.

*

கில்டேர் என்றால் கருவாலி மரத்துக் கோயில். புனித பிரிஜித் மடம் அமைத்ததாகச் சொல்லப்படும் ஊர் அது. தெய்வம் எங்கே முடிந்து புனிதவதி எங்கே தொடங்குகிறாள் என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். எனக்கு அந்த எல்லைக்கோடு தேவைப்படவில்லை.

12ஆம் நூற்றாண்டின் கடைசியில் அயர்லாந்தைப் பற்றி எழுதிய வேல்ஸ் நாட்டு ஜெரால்டு, கில்டேரில் அணையாமல் காக்கப்பட்ட ஒரு தீயைக் குறிப்பிடுகிறார். 19 கன்னியர் ஆளுக்கோர் இரவு காவல் இருப்பார்கள். 20ஆம் இரவில் கடைசிக் கன்னி விறகை அருகில் அடுக்கிவிட்டு, இன்றைய முறை உன்னுடையது என்று பிரிஜித்திடமே ஒப்படைத்துப் போய்விடுவாள். காலையில் விறகு எரிந்திருக்கும், தீ அணையாமல் இருக்கும். எத்தனை நூற்றாண்டு எரிந்தும் சாம்பல் கூடவே இல்லை என்றும் எழுதியிருக்கிறார்.

அதிசயத்தைவிட அந்த முறைவைப்புதான் என்னை நிறுத்தி வைக்கிறது. புனிதவதிக்கும் ஒரு இரவு வேலை உண்டு.

*

பிரிஜித் என்று பெயர் வைக்கும் தயக்கம் மெல்ல மெல்ல விலகியது. ஆங்கில வழக்கில் அது பிரிஜெட் ஆனது. 19ஆம் நூற்றாண்டு அயர்லாந்தில் பிரிஜெட் இல்லாத தெருவே இல்லை எனலாம். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பஞ்சம் வந்தபோது அந்தப் பெயரும் கப்பல் ஏறியது. தனியாகக் கடல் கடந்த இளம்பெண்கள் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் வீட்டு வேலைக்குப் போனார்கள். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுவது அவர்களுடைய முதல் வேலை. பெயர் எதுவாக இருந்தாலும் பிரிஜெட் என்றே கூப்பிட்ட எஜமானிகள் இருந்தார்கள். அதன் செல்லச் சுருக்கமான பிட்டி, வேலைக்காரி என்பதற்கே இன்னொரு சொல்லானது.

பத்திரிகைகள் அவளைப் படம் வரைந்து சிரித்தன. 1883-இல் பக் இதழில் வந்த கேலிச்சித்திரம் ஒன்றில், பருத்த உடம்போடு ஒரு சமையற்காரி முஷ்டியை ஓங்கி நிற்கிறாள். மெலிந்த எஜமானி எதிரே ஒடுங்கி நிற்கிறாள். அந்தச் சித்திரத்தை வெகுநேரம் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. முகத்தை விலங்குபோல வரைந்தவருக்கு அந்தக் கைகள் காலையிலிருந்து என்னென்ன செய்தன என்பது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

கேலி பொறுக்காமல் பலர் பெயரை மாற்றிக்கொண்டார்கள். பிரிஜெட்டுகள் டீலியாக்கள் ஆனார்கள். அம்மாக்கள் மகள்களுக்கு அந்தப் பெயரை வைப்பதை நிறுத்தினார்கள். முன்பு கூச்சம் பக்தியால் வந்தது. இப்போது அவமானத்தால் வந்தது. பக்தியால் விலகிய பெயருக்கு ஒன்றும் குறைவில்லை. அவமானத்தால் கைவிடப்பட்ட பெயரை நினைக்கும்போது நெஞ்சு வலிக்கிறது.

*

1993-இல் கில்டேரில் பிரிஜித்தின் பெயரால் அமைந்த சபையின் சகோதரிகள், இடையில் அணைந்துபோயிருந்த அந்தத் தீயை மறுபடியும் ஏற்றினார்கள். 2023 முதல் அயர்லாந்தில் பிப்ரவரித் தொடக்கத்தில் அவள் பெயரில் பொது விடுமுறை. ஒரு பெண்ணின் பெயரால் அந்நாட்டில் வந்த முதல் பொது விடுமுறை அதுதான். பிள்ளைகள் கோரையில் நான்கு கைச் சிலுவை பின்னுகிறார்கள். சில வீடுகளில் முந்தின இரவு ஒரு துண்டுத் துணியை வெளியே போட்டு, காலையில் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். தலைவலி வந்தால் நெற்றியில் கட்டிக்கொள்ள.

அந்த நாளில் தெய்வத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், புனிதவதியைப் பற்றிப் பேசுகிறார்கள். அமெரிக்கச் சமையலறைகளில் அடுப்பு மூட்டியவர்களையும் அன்று சேர்த்துப் பேச வேண்டும். அவர்கள் அனுப்பிய டாலரில்தான் ஊரில் குத்தகைப் பணம் கட்டப்பட்டது, தேவாலயங்களுக்குக் கூரை ஏறியது, அடுத்த தங்கைக்குக் கப்பல் டிக்கெட் வாங்கப்பட்டது. தங்கை வந்து இறங்கி வேலைக்குச் சேர்ந்த வீட்டிலும் அவளைப் பிரிஜெட் என்றே கூப்பிட்டிருக்கக்கூடும்.