எது நியாயமான விலை?

வியாபாரம் செய்கிற நாம் நாள்தோறும் எத்தனையோ தடவை விலை சொல்கிறோம். சொல்லுகிற விலை நியாயமானதா என்று எத்தனை தடவை யோசிக்கிறோம்? இந்தக் கேள்வியை இன்று நம் கடைவாசலுக்கே கொண்டு வந்து வைத்திருப்பது, காதில் மாட்டிக்கொண்டு பாட்டும் பாடமும் கேட்கிற ஹெட்போன் என்னும் சிறு பொருள்தான்.

சித்தியவானில் நம் கடைகளுக்கு வருகிற வாலிபர்கள் ஹெட்போனைக் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள், விலை கேட்கிறார்கள், உடனே கைத்தொலைபேசியைத் திறந்து, “இணையத்தில் ஆட்கள் கூட்டாகச் சேர்ந்து இதைப் பாதி விலைக்கு வாங்குகிறார்களே!” என்கிறார்கள். நமக்குக் கோபம் வருகிறது. காலம் கெட்டுவிட்டது என்கிறோம். கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு விஷயத்தை நிதானமாகப் பார்ப்போம்.

இந்தக் கூட்டு வாங்கலுக்குப் பேர்போன உதாரணம் ஒன்று உண்டு. 2012ஆம் ஆண்டு அமெரிக்காவில் மாஸ்டிராப் என்னும் நிறுவனம் தோன்றியது. ஒரே பொருளை விரும்புகிறவர்களை அது இணையத்தின் வழி ஒன்று சேர்த்தது. ஆள் சேரச் சேர விலை இறங்கும் என்பது அதன் ஏற்பாடு. ஜெர்மனியின் சென்ஹைசர் கம்பெனி செய்த எச்.டி. 650 என்ற ஹெட்போனின் பட்டியல் விலை அப்போது ஏறக்குறைய 500 அமெரிக்க டாலர். 2016ஆம் ஆண்டின் இறுதியில் அதே ஹெட்போனை, நிறத்தையும் வயரையும் சிறிது மாற்றி, எச்.டி. 6எக்ஸ்எக்ஸ் என்ற பெயரில் 200 டாலருக்கு மாஸ்டிராப் விற்பனைக்கு வைத்தது. ஜனங்கள் போட்டி போட்டுக்கொண்டு பணம் கட்டினார்கள்.

அப்படியானால் 500 டாலர் கொடுத்தவர் ஏமாந்தாரா? 200 டாலருக்கு விற்றவர் நஷ்டப்பட்டாரா? இரண்டும் இல்லை. இத்தனை உருப்படி போகும் என்று முன்கூட்டியே தெரிந்தால் சரக்கு தேங்கும் பயமில்லை. பணம் முதலிலேயே வந்துவிடுவதால் முதல் முடங்குவதில்லை. கடை வாடகையும், கடைச் சிப்பந்தியின் சம்பளமும், இடைத் தரகும் இல்லை. வாங்குகிறவரோ பொருளைத் தொட்டுப் பார்க்காமல் பணம் கட்டுகிறார். பல மாதம் காத்திருக்கிறார். பழுதென்றால் கடல் தாண்டித் திருப்பி அனுப்புகிறார். கடைக்காரர் சுமந்த பாரத்தில் ஒரு பகுதி வாங்குகிறவரின் தோளுக்கு மாறியிருக்கிறது. அந்தச் சுமைக்குக் கூலிதான் விலைக் குறைப்பு.

விலை வேறு, மதிப்பு வேறு என்பது இதிலிருந்து விளங்கும். நாளைக் காலை இணைய வகுப்புக்கு ஹெட்போன் வேண்டும் என்று இரவு எட்டு மணிக்கு ஓடி வருகிற மாணவனுக்கு, மூன்று மாதம் கழித்து வருகிற மலிவுச் சரக்கினால் என்ன பயன்? அவனுக்காகச் சரக்கை வாங்கி வைத்து, கடையைத் திறந்து வைத்து, மாட்டிக் கேட்கச் சொல்லி, கெட்டுப்போனால் மாற்றித் தருகிறோமே, அதற்கு நாம் வாங்கும் இலாபம் உழைப்பின் கூலி. அதைப் பற்றி நாம் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆனால், சகோதரர்களே, நம்முடைய இலாபம் முழுவதும் அந்த வகையைச் சேர்ந்ததுதானா? வாடிக்கைக்காரருக்கு மார்க்கெட் விலை தெரியாது என்பதற்காக நாம் கூட்டிச் சொல்லுகிற பத்து வெள்ளியை எந்தக் கணக்கில் எழுதுவது? அது சரக்கின் விலையும் அல்ல, உழைப்பின் கூலியும் அல்ல. அடுத்தவரின் அறியாமைக்கு நாம் போட்ட வரி.

வெளியூரிலிருந்து சரக்கோடு வருகிற வணிகக் கூட்டத்தாரை, அவர்கள் சந்தையை அடையுமுன் வழியிலேயே மறித்து வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்து நிலவரம் தெரிந்த பின் பேரத்தை முறித்துக்கொள்ளவும் உரிமை தந்தார்கள். விலை நிலவரம் தெரியாதவரின் அறியாமையை முதலாக்கி இலாபம் பார்க்கக் கூடாது என்பதே இதன் கருத்து. அன்று அது விற்க வந்தவருக்குக் கிடைத்த பாதுகாப்பு. இன்று வாங்க வருகிறவர் சந்தையைத் தம் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வருகிறார். நமக்கு அது பிடிக்கவில்லையென்றால், நம் விலையின் எந்தப் பகுதி அந்த வெளிச்சத்துக்கு அஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும்.

இணையத்தில் விற்பவர்கள் எல்லாரும் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. ஒரு நாளும் 300 வெள்ளிக்கு விற்காத பொருளுக்கு 300 என்று எழுதி, அதைக் கோடு கிழித்து, கீழே 99 என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த 300 விலையே அல்ல, பொய். பண்டிகைக் காலத்தில் நம் தெருக்களிலும் இந்தப் பொய் அட்டையில் தொங்குகிறது. விலையைப் பற்றித் தவறான எண்ணம் உண்டாக்குவதை இந்நாட்டின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் குற்றமென்கிறது. சட்டம் வருமுன்பே அது நமக்குப் பாவம்.

இப்போது சிலர் வாட்ஸ்அப் குழுவில் ஆள் சேர்த்துப் பணம் வசூலித்துக் கூட்டாகச் சரக்குத் தருவிக்கிறார்கள். முன்பணம் கொடுத்துப் பின்னால் சரக்குப் பெறும் ‘ஸலம்’ வியாபாரத்தை மார்க்கம் அனுமதித்திருக்கிறது. ஆனால் அளவும் தவணையும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஆகவே, எந்த ஹெட்போன், எந்த ரகம், எத்தனை, எந்தத் தேதிக்குள் வரும், வராவிட்டால் பணம் எப்போது திரும்பும் என்பதை எழுதிக் கொடுக்காமல் ஒருவர் பணம் கேட்டால், விலை எவ்வளவு மலிவாயிருந்தாலும் கொடுக்காதீர்கள். வசூலிப்பவர் நம்மவராயிருந்தால், தம் தரகு எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுவது அழகு.

கூட்டாக வாங்குவதொன்றும் நமக்குப் புதிதல்ல. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், நம் பேராக்கைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பால்மரம் வெட்டிய ஏழைகள் சிறுகச் சிறுகப் போட்ட பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். கூலிக்காரர்கள் கூடித் தோட்டம் வாங்க முடிந்த நாட்டில், சித்தியவான், ஆயர் தாவார், லுமுட் கடைக்காரர்கள் பத்துப் பேர் கூடி ஒரு பெட்டி ஹெட்போன் தருவிக்க முடியாதா? தனித்தனியே ஐந்தும் பத்துமாக வாங்குவதால்தான் நமக்கு அடக்க விலை ஏறுகிறது. கூடி வாங்கினால் அதைக் குறைக்கலாம். குறைந்ததில் ஒரு பங்கை வாங்குகிறவருக்கும் விடலாம்.

வாலிபர் கைத்தொலைபேசியைக் காட்டும்போது நாம் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான்: “தம்பி, அங்கே விலை குறைவுதான். இங்கே கூடுதலாகக் கேட்கிற பணம் இன்னின்னதற்காக.” இந்தப் பதிலைத் தயக்கமின்றிச் சொல்ல முடிகிற விலைதான் நியாயமான விலை. சொல்லத் தயங்குகிற தொகை எவ்வளவோ, அவ்வளவையும் இன்றே விலைச்சீட்டிலிருந்து குறைத்துவிடுவோம். மீதியில் அல்லாஹ் பரக்கத்துச் செய்வானாக.