புறங்கையில் ஊற்றிப் பார்த்த நீர்

மகனுக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். மொட்டையடித்திருந்தார், தகப்பனாரின் அந்தியேட்டிக் கிரியை. அவருடைய அம்மா வாளித் தண்ணீரைத் தன் புறங்கையில் கொஞ்சம் சரித்துப் பார்த்துவிட்டுத்தான் அவர் தலையில் ஊற்றினார். அடுத்த வாளியைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டபோது சூடு பார்க்கவில்லை.

திருகோணமலைக்குப் பக்கத்தில், கன்னியா வெந்நீரூற்றில் கண்டது இது. நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதியில் நடந்த உடல்நலப் பயிலரங்கிலிருந்து எங்களை வேனில் கூட்டிப் போயிருந்தார்கள். நீரின் சூட்டை மட்டும் கவனியுங்கள் என்றார் பயிற்சியாளர். எனக்கு அந்தப் புறங்கையை விட்டுக் கவனம் நகரவில்லை.

ஏழு சின்னச் சதுரக் கிணறுகள். இறங்க முடியாது, மொண்டுதான் ஊற்ற வேண்டும். ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வேறு. எரிமலையே இல்லாத தீவில், ஆழத்துப் பாறை வெடிப்புகளுக்குள் இறங்கிய மழைநீர் பூமியின் சூடேறித் திரும்புகிறது. இராவணன் தாய்க்குக் கடன் கழிக்கப் பிறந்த ஊற்றுகள் என்பது ஐதீகம். அதனால்தான் பெற்றோருக்குக் கிரியை செய்ய வருகிறார்கள். முழங்கால் நோவுக்கு வருகிறவர்களும் உண்டு.

எங்கள் வீட்டுச் சனி முழுக்குக்கு வெந்நீர் விளாவுவது அம்மம்மா. சுடுது என்று கத்துவேன். "சுடாதடா ராசா, பொறு" என்பார். அடுப்படியில் காய்த்துப்போன கைக்குச் சுடவில்லை, என் முதுகுக்குச் சுட்டது. யார் சொன்னது சரி? குறுந்தொகையில் மிளைக் கந்தன் பாட்டொன்று உண்டு. தலைவி வேப்பங்காயைத் தந்தபோது வெல்லக்கட்டி என்ற தலைவன், இப்போது பாரியின் பறம்புச் சுனைநீரைத் தை மாதக் குளிரில் தந்தாலும் சுடுகிறது, உவர்க்கிறது என்கிறானாம். தோழியின் குத்தல் அது. சூடெல்லாம் மனசில்தான் என்று இதை வைத்து முடித்துவிடலாம், பயிற்சியாளருக்குப் பிடித்துப்போகும். ஆனால் கன்னியா நீர் யார் தலையில் விழுந்தாலும் 40 பாகையை ஒட்டியதுதான். அன்பிருந்தால் சுடாது என்று அந்த அம்மா நம்பவில்லை, பார்த்துவிட்டே ஊற்றினார்.

முதலில் உன்னைக் கவனி என்பது பயிலரங்கின் பாடம். அதை அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? அம்மம்மாவுக்கு யார் விளாவிக் கொடுத்தார்கள் என்று யோசித்தால் ஒரு முகமும் வரவில்லை. மெச்சி மெச்சியே பெண்களை வேலை வாங்கிய வீடுகள் நம்முடையவை. ஆகவே மெச்சத் தயக்கம். பரிதாபப்படவும் மனம் வரவில்லை. ஒரே கிணற்றுத் தண்ணீர்தானே, ஒருதரம் பார்த்தது போதும் என்று அந்த அம்மா நினைத்திருக்கலாம். அவ்வளவுதானோ என்னவோ.